இல்லாததைக் கேட்டுப் புறப்பட்டவர்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று, 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறினால் பொன்முடியை அடையலாம். அம்மலைத்தொடரிலேதான் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடமும் உள்ளது. மூடுபனியிடையே பொன்முடியில் நின்றபொழுது அம்முனிவரின் நினைவே நம் உள்ளத்தில் எழுந்தது.

இறைவன் திருமணங்காண உலகனைத்தும் வடதிசையில் திரண்டமையால் நிலம் சாய்ந்தது. அதனைச் சமன்செய்யத் தெற்கே செல்லுமாறு குறுமுனிவர் பணிக்கப்பட்டார். 'திருமால் முதலியோர் இருக்க, எளியேனை விடுப்பது ஏன்?' என்று அவர் கலங்கியதைக் கந்தபுராணம் கூறும். செல்லும் நாடு தமிழ் வழங்கும் நாடாதலால், அம்மக்களுக்கு விடைகூறத் தமக்குத் தமிழ் அருளுமாறு அவர் வேண்டினார் என்பது திருவிளையாடற் புராணம். இறைவனே கற்பித்தான். முனிவர் தம் குறையை மறைக்கவில்லை. அதனைக் காட்டிப் பணியை மறுக்கவுமில்லை.

மொழிபெயர்ப்பாளராக வேற்று மாநிலம் புகுந்த நாளில், அம்மொழியை ஏட்டளவிலேயே நாம் அறிந்திருந்தோம். ஓரிரவு அண்டை வீட்டு மூதாட்டி கதவைத் தட்டினார். அவர் பேச்சில் பாதியே விளங்கியது. 'நம்மால் என்ன ஆகும்?' எனத் தயங்கினோம். ஆயினும் உடன் சென்றோம். நோயுற்ற அவர் கணவரைத் தூக்கி வண்டியில் ஏற்ற, அங்கே வேண்டியிருந்தவை இரண்டு கைகளே. மருத்துவமனையில் வேண்டிய சொற்களை அந்த அம்மையாரே நமக்குக் கற்பித்தார்.

வேற்றூரில் வாழும் தமிழன்பர்களே! கடவுளின் அழைப்பு பெரும்பாலும் இவ்வாறே நம் வாயிலுக்கு வருகின்றது. தகுதியில்லை என்று கதவை அடைக்காமல், இல்லாததை அவனிடமே கேட்டு, எழுந்து செல்வோமாக.