தாவோ நெறியும் தில்லை வெளியும்



குடமுழுக்குப் பெருவிழாவின் மங்கல வேளையில், சீன தேசத்துத் தாவோ நெறியைப் பற்றிய பேச்சு பொருந்துமோ என்னும் ஐயம் அன்பர்கள் சிலருக்கு எழலாம். அவ்வையத்திற்கு விடை, கடல் கடந்த ஊர் ஒன்றில் நடந்த திருப்பணியிலேயே கிடைக்கிறது.

சீனத்தின் தென்கரையில், முன்னாளில் காண்டன் எனப்பட்ட குவாங்சௌ என்னும் துறைமுகப் பட்டினம் உள்ளது. 1052-ஆம் ஆண்டில் எழுந்த கலகத்தில் அவ்வூர்த் தாவோ ஆலயம் அழிந்தது. சில ஆண்டுகள் கழித்து ஸ்ரீவிஜய நாட்டுத் தலைவர் ஒருவருடைய ஆள் அங்கே சென்றான். பாழ்பட்டுக் கிடந்த ஆலயத்தைக் கண்டான். மீண்டு வந்து தன் தலைவருக்கு உரைத்தான். அது கேட்ட தலைவருக்குத் தாவோ நெறியின்பால் ஈடுபாடு உண்டாயிற்று. 1067 முதல் ஆட்களை அனுப்பி வாயிலையும் மண்டபங்களையும் கட்டுவித்தார். ஆலயம் நின்று நிலவ விளைநிலம் வாங்குவதற்கும் பொருள் ஈந்தார். 1079-இல் திருப்பணி நிறைவுற்றது. இவ்வளவும் அவ்வூர்க் கல்வெட்டுக் கூறும் செய்தி. நம் நாட்டில் தேவதானம் என்பது எதுவோ, அதுவே அங்கும் நிகழ்ந்தது.

அத்தலைவர் யார்? கல்வெட்டு அவரைத் தி-ஹுவா-கியா-லோ என்று சீன எழுத்தில் குறிக்கிறது. 1077-இல் 72 பேர் கொண்ட தூதுக்குழுவைச் சீனத்திற்கு அனுப்பிய சோழ மன்னனின் பெயரையும் சீன அரச வரலாறு அவ்வாறே எழுதுகிறது. ஆகவே அவர் 1070-இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்க சோழரே என்பர் வரலாற்றறிஞர் சிலர். வேறு சிலர் அதனை மறுப்பர். குலோத்துங்கர் காலத்தில் காம்போஜ மன்னன் அளித்த அரிய கல் ஒன்று தில்லைத் திருக்கோயிலில் பதிக்கப்பெற்றதை 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. கடல் கடந்து வந்த காணிக்கையைத் தில்லை ஏற்றது. கடல் கடந்து சென்ற காணிக்கையைத் தாவோ ஆலயம் ஏற்றது. அயல் நெறியை அறிய முற்படுவது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று.

இனி அந்நெறியின் இயல்பைக் காண்போம். தாவோ என்னும் சொல்லுக்கு வழி என்பது பொருள். அதன் மூல ஆசிரியர் லாவோட்சு என்பது மரபு. தாவோ தே ஜிங் என்னும் அவருடைய நூல் 81 சிறு பகுதிகளைக் கொண்டது. ஏறத்தாழ ஐயாயிரம் எழுத்துக்களே உடையது. கவிஞர் சி. மணி அதனைத் தமிழாக்கித் தந்துள்ளார். ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். ஆயினும் வாழ்நாளெல்லாம் பயின்றாலும் முடியாத நூல் அது.

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நதியையும் குறிக்கும், நெறியையும் குறிக்கும். லாவோட்சுவின் உள்ளக் கருத்தை விளக்க இதனினும் சிறந்த சொல் கிடைப்பது அரிது. நீரே மேலான நன்மைக்கு உவமை என்கிறார் அவர். நீர் எல்லா உயிர்க்கும் பயன்படுகிறது, எதனோடும் போட்டியிடுவதில்லை, எவரும் விரும்பாத பள்ளத்தையே நாடிச் செல்கிறது. மென்மையான நீரே வன்மையான பாறையைத் தேய்க்கிறது.

கடலூர் மக்களுக்கு இவ்வுண்மையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கெடிலக் கரைத் திருவதிகையும் திருப்பாதிரிப்புலியூரும் அப்பர் பெருமானின் வரலாற்றைத் தாங்கி நிற்கும் தலங்கள். மருள்நீக்கியாராகப் பிறந்த அப்பெருமான் பாடலிபுத்திரம் சென்று சமண நூல்களைக் கசடறக் கற்றார். தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் பெற்றார். பின்பு சூலை நோயுற்ற காலத்தில் தமக்கை திலகவதியாரை அடைந்து, திருநீறு பெற்று, அதிகை வீரட்டானரிடம் மீண்டார். கேள்வியளவில் நில்லாது, தம் உடம்பாலும் உயிராலும் ஆராய்ந்து தெளிந்த பெரியார் அவர். பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு பிணித்துக் கடலில் இட்டபோதும் அவர் எதிர்த்துப் போரிடவில்லை, ஐந்தெழுத்தை ஓதினார். கல் தெப்பமாயிற்று, கடலே அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்த்தது. கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சான்று பகர்கிறது. லாவோட்சுவைப் பயின்ற சைவர் ஒருவர் இவ்வரலாற்றை மீண்டும் ஓதுவாராயின், பணிவு என்பது எத்துணைப் பெரிய வலிமை என்பதைப் புதிதாய் உணர்வார்.

கடலூரில் நீர் கற்பித்த பாடத்தைச் சிதம்பரத்தில் வெளி நிறைவு செய்கிறது. ஐம்பூதத் தலங்களுள் தில்லை ஆகாயத் தலம். சிற்சபையில் கூத்தப் பெருமானின் அருகே திரை ஒன்று தொங்குகிறது. திரையை விலக்கினால் திருவுருவம் எதுவும் இல்லை; பொன் வில்வ மாலைகளே விளங்குகின்றன. அதுவே சிதம்பர இரகசியம். காணச் சென்றவர், ‘ஒன்றும் இல்லையே’ எனத் திகைப்பதும் உண்டு.

லாவோட்சு அத்திகைப்பைத் தெளிவிக்கிறார். சக்கரத்தின் ஆரங்கள் முப்பதும் சென்று கூடும் குடத்தின் நடுத்துளையாலேயே வண்டி ஓடுகிறது என்பது அவர் காட்டும் உவமை. மண்ணால் வனைந்த பாண்டத்தின் உள்வெற்றிடமே பயன் தருகிறது, வீட்டிற்கும் அவ்வாறே. இதனை மனத்தில் கொண்டு யாகசாலைக் கும்பங்களை நோக்குக. நூல் சுற்றிய அழகும் மாவிலையும் தேங்காயும் கண்ணுக்குத் தெரிகின்றன. புனித நீரை ஏந்துவதோ குடத்தின் உள்வெளி. குடம் தன்னைத் தானே நிரப்பிக்கொண்டிருந்தால் தீர்த்தத்திற்கு இடம் ஏது?

ஆயினும் இவற்றைப் படித்து மகிழ்வதோடு நின்றால் பயனில்லை. சுவாங்ட்சு என்னும் பின்வந்த தாவோ ஞானி ஒரு கதை சொல்கிறார். அரசன் ஒருவன் நூல் படித்துக்கொண்டிருந்தான். கீழே சக்கரம் செதுக்கிய எழுபது வயதுத் தச்சன், அவன் படிப்பது மாண்டவர்கள் விட்டுச்சென்ற சக்கையே என்றான். வெகுண்ட அரசன் காரணம் கேட்டான். உளியை மெல்ல ஓட்டினால் பிடிப்பதில்லை, விரைந்து ஓட்டினால் செல்வதில்லை, நடுவான பதத்தைக் கை அறியும், வாய் சொல்லாது என்று விடையளித்தான் தச்சன். அதனைத் தன் மகனுக்கும் அவனால் சொல்லித்தர இயலவில்லையாம்.

ஆகவே தாவோ நெறி பயிற்சியை வேண்டுகிறது. அமைதியாய் அமர்ந்து, ‘யான்’ என்னும் நினைவு மறக்கும்படி இருத்தல் ஒன்று. அருணகிரியாரும் தாயுமானவரும் போற்றிய ‘சும்மா இருத்தல்’ இதற்கு அணுக்கமானது. வலிந்து செய்யாமை மற்றொன்று. அதனை வூ வெய் என்பர். அது சோம்பல் அன்று. தேரோட்டத்தில் ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள். முட்டுக்கட்டை இடுபவரோ கூச்சலின்றி, சக்கரத்தின் போக்கை உற்று நோக்கி, உரிய கணத்தில் சிறு கட்டையை இடுகிறார். மலைபோன்ற தேர் திரும்புகிறது. தேரோடு அவர் மல்லுக்கு நிற்பதில்லை. வூ வெய் என்பதன் பொருளை அவர் கையே அறியும்.

இரு நெறிகளும் ஒன்றே எனக் கூறிவிடுதல் எளிது; அது உண்மையாகாது. லாவோட்சுவின் தாவோ எல்லாவற்றையும் ஈன்றும் எதனையும் தனதென்று கொள்ளாதது. அதன் முன் நின்று அழுவாரும் இல்லை. அழுதார்க்கு இரங்கும் திருமுகமும் அதற்கு இல்லை. தில்லை வெளியிலோ எடுத்த பொற்பாதத்தோடு கூத்தன் ஆடுகின்றான். அடியார் கண்ணீரை அறிகின்றான். வெற்றிடம் எனத் தோன்றுவது அருள் நிறைந்த இடம் என்பதே சைவம் கண்ட முடிபு. அயல் நெறியைக் கற்றவர் இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டுவதில்லை. அதனைத் தெளிந்தவரே தம் கோயிலுக்குள் கூரிய கண்ணோடு திரும்புகிறார்.

அவ்வாறு திரும்பியவர் செய்ய வேண்டுவது யாது? இரக்கம், சிக்கனம், முந்த விரும்பாமை ஆகிய மூன்றையே தம் செல்வங்களாக லாவோட்சு எண்ணினார். கடலூர் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. 1872-இல் எழுந்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை நீக்கியே சோதியைக் காட்டுகிறார்கள். பசித்தவனுக்கு இடும் சோறே திரை விலக்கும் முதற் கை என்பதை வள்ளலாரின் வாழ்வு காட்டிற்று. தாவோவைத் தேடிப் புறப்படும் தமிழர் அவ்வடுப்பின் அருகிலேயே இரக்கமாகிய முதற் செல்வத்தைக் காணலாம்.

திருப்பணிக்குப் பொருள் ஈந்த செல்வர்கள் இறுதியாக ஒன்றை எண்ணுதல் நலம். பணி முடிந்தபின் விலகி நிற்பதே வானத்தின் வழி என்பது லாவோட்சுவின் உறுதி. கல்லில் பெயர் பொறிப்பது குற்றமன்று. அரசரும் அதனைச் செய்தனர். ஆயினும் குவாங்சௌ ஆலயத்தை எடுப்பித்தவர் பெயரைக் கல் காத்தும், அவர் சோழரா பிறரா என்னும் வழக்கு ஆயிரம் ஆண்டை நெருங்கியும் தீரவில்லை. கொடைக்கு அதனால் குறைவுண்டோ? பெயரைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டு, ‘என்னுடையது’ என்னும் எண்ணத்தை நெஞ்சிலிருந்து நீக்கிவிடுவாராயின், அவ்வுள்ளமே வெறுமையான கும்பம். அதில் இறைவன் தீர்த்தமாய் நிறைவான்.

கூத்தப் பெருமான் திருவருளால் யாவரும் அவ்வெளியைப் பெறுக!