கூரைக்குள் ஒரு விளக்கு



வீராணம் ஏரியை அடுத்த எங்கள் லால்பேட்டையிலிருந்து நெய்வேலி நெடுந்தொலைவன்று. அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்தெடுக்கும் மின்சாரத்தை நாம் வீட்டில் எவ்வாறு செலவிடுகிறோம்? 2015-ல் நடுவணரசு தொடங்கிய உஜாலா திட்டம் எல்.இ.டி. குமிழ்களை மலிவு விலையில் பரப்பியது. பொய்க்கூரையில் பதித்த ஆலசன் விளக்குகளோ பல வீடுகளில் மறக்கப்பட்டன.

50 வாட் ஆலசன் பத்து, இரவில் நான்கு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட் ஆகும். 7 வாட் எல்.இ.டி. பத்துக்கு 0.28 யூனிட்டே. மாதக் கணக்கை நீங்களே போடுங்கள்; விடையை நானே சொல்லிவிடுவது பழைய வாத்தியார் பழக்கம்!

ஆலசனில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்வதால் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாய்க் கழிகிறது. எல்.இ.டி.யில் குறைகடத்தி நேரே ஒளியை ஈனுகிறது. நீல ஒளி டயோடைக் கண்ட அகசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-ல் நோபல் பரிசு பெற்றனர். அந்நீலத்தின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியே வெண்ணொளி பெறுகிறோம்.

ஆயினும், குமிழை மட்டும் மாற்றினாற் போதும் என்பாரை நான் ஏற்பதில்லை. 12 வோல்ட் ஆலசனுக்கு வைத்த பழைய மின்மாற்றி, சுமை குறைந்தால் ஒழுங்காக இயங்காமல் விளக்கை மினுக்கச் செய்வதுண்டு. எல்.இ.டி.க்கும் சூடுண்டு, அது முதுகுப்புறம் சேரும். காற்றோட்டமற்ற குழியில் அடைத்தால் உள்ளிருக்கும் மின்சுற்று விரைவிற் கெடும். பல்லாண்டு உழைக்குமென்ற பேச்சும் பொய்க்கும். ஆகவே துளையின் விட்டத்தை அளந்து, பொருந்தும் முழு விளக்கையும் வாங்குவதே முறை. மெயின் சுவிட்சை அணைத்தபின் ஏணியில் ஏறவேண்டியவர் மின்பணியாளர், நீங்கள் அல்லீர். கழற்றும் ஆலசன் குமிழை, நன்கு ஆறும்வரை, அவரும் தொடலாகாது.