பயறு நல்லதுதான், ஊற வச்சீங்களா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



பயறு சாப்பிடுங்கன்னு சொன்னா, எந்த ஊர்க் குழுவுக்குப் போனாலும் நமக்குக் கிடைக்கிற பதில் ஒண்ணுதான்: "அது வாயு மேடம், ஒத்துக்காது."

வாயு ஏன் வருது? மொச்சை, தட்டப்பயறு, கொண்டைக்கடலை, சோயா எல்லாத்துலயும் ஒருவகைச் சர்க்கரை இருக்கு. அது சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போனதும் அங்கே இருக்கிற நுண்ணுயிரிகள் அதைப் புளிக்க வைக்கும். அதுல வர்றதுதான் வாயு. இந்தச் சர்க்கரை தண்ணியில கரையக்கூடியது. அதனால வழி நம்ம கையிலேயே இருக்கு.

ராத்திரி ஒரு டம்ளர் பயறுக்கு நாலு டம்ளர் தண்ணி ஊத்தி ஊற வையுங்க. 8 முதல் 12 மணி நேரம் ஊறணும். காலையில அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டு, கழுவி, புதுத் தண்ணியில வேக வையுங்க. விரலால நசுக்கினா மாவா நசுங்கணும். சீக்கிரம் வேகட்டும்னு ஆப்பசோடா போடாதீங்க. பி வைட்டமின் அழிஞ்சுபோகும். பச்சைப்பயறு, கொள்ளு முளைகட்டினா வைட்டமின் சி கூடும். ஆனா கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முளைப்பயறை ஆவியில வேகவச்சுதான் சாப்பிடணும்.

சோயாவைக் கூடுதல் கவனத்தோட சமைக்கணும். 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம்னா, அதே அளவு சோயாவில் 36 கிராமுக்கு மேல இருக்கு. ஆனா பச்சை சோயாவில் புரதத்தைச் செரிக்க விடாத பொருள் ஒண்ணு உண்டு. நல்லா வெந்தாதான் அது அழியும். அதனால ஊற வச்சு, தோலைக் கசக்கி எடுத்துட்டு, குக்கரில் குழைய வேக வையுங்க. மீல் மேக்கரை வெந்நீரில் போட்டு இரண்டு தடவை பிழிஞ்சு எடுங்க. தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க சோயா சேர்க்கிறதுக்கு முன்னாடி மருத்துவரைக் கேட்டுக்கோங்க.

பழக்கமில்லாதவங்க வாரம் இரண்டு நாள், ஒரு கைப்பிடியில் ஆரம்பிச்சு மெதுவா கூட்டுங்க. வயிறும் பழகிக்கும்.

இவ்வளவும் எதுக்குச் சொல்றோம்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. பயறில் புரதமும் இருக்கு, இரும்புச்சத்தும் இருக்கு. சுண்டலில் எலுமிச்சை பிழிஞ்சா, கூட ஒரு நெல்லிக்காய் கடிச்சா, இரும்பு உடம்பில் நல்லா சேரும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா சேராது. ஒரு மணி நேரம் போகட்டும். சோறும் பயறும் சேர்ந்தா, ஒண்ணுல குறையிற புரதத்தை இன்னொண்ணு ஈடுகட்டும்.

ஆனா குழம்புல இருக்கிற பயறு யாருக்குப் போகுது? வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டது போக, சட்டியில மிஞ்சுற தண்ணிக் குழம்புதான் நமக்கு. குழுச் சந்தாவை ஒரு வாரம்கூடத் தவறவிடாத நாம, நம்ம உடம்புக்கான பங்கை மட்டும் தினமும் பாக்கி வைக்கிறோம். பரிமாற உட்காரும்போதே நமக்கும் ஒரு கரண்டி எடுத்து வச்சிடுங்க. வயசுக்கு வந்த பிள்ளைக்கும் அதே பங்கு.

அடுத்த குழுக் கூட்டத்துல இதைத் தீர்மான நோட்டில் எழுதுங்க: அறுவடை நேரத்துல பயறை மூட்டையா வாங்கிப் பங்கிட்டுக்கிறது, மாசம் ஒரு கூட்டத்துல டீ, வடைக்குப் பதிலா சுண்டல். அடுத்த மாசம் வரும்போது யார் வீட்டுல என்ன செஞ்சீங்க, வயிறு என்ன சொல்லுச்சுன்னு கேட்போம்.