வாடகை கட்டுவதா, வாங்குவதா?
(பெருந்துறையில் ஆற்றிய உரை)

மென்பொருளை இன்று பெரும்பாலும் விற்பதில்லை, வாடகைக்கு விடுகின்றனர். முதலில் இலவசம், பழகிய பின்னர் மாதந்தோறும் கட்டணம். இதுவே இக்கால வணிகம்.

வளர வழி இரண்டு. 1996இல் தோன்றிய சோகோ, வெளியார் முதலீட்டை நாடாது, ஈட்டிய இலாபத்திலேயே வளர்ந்தது. 2011இல் தென்காசிக்கும் சென்றது. 2010இல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ், முதலீட்டாளர் பணத்தால் விரைந்து வளர்ந்து, 2021இல் அமெரிக்க நாஸ்டாக் பங்குச்சந்தை ஏறிற்று. முன்னது தன் காலில் நிற்கும். பின்னது பங்குதாரர்க்குப் பதில் சொல்லும்.

பெருந்துறையிலே சிப்காட் உண்டு. 1984 முதல் பொறியியற் கல்லூரி உண்டு. ஆலையும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. ஆயினும், படித்த பிள்ளைகள் பெங்களூருக்குப் பேருந்து ஏறுகின்றனரே, ஏன்? தென்காசிக்கு வந்த தொழில் இங்கே வாராதா? வாடகை கட்டும் ஊராகவே இருப்பதா, வாங்கும் ஊராக உயர்வதா? எண்ணுங்கள், எழுந்து கேளுங்கள்!