ஈஸ்னோபீலியா என்பது நோயின் பெயர் அல்ல

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைக்கு வருமுன் ஹாஸ்டல் நண்பன் ஒருவன், "என்னல, சிவில் படிச்சவன் ரத்தத்தைப் பத்திப் பேசப் போறியாமே?" என்று கேலி செய்தான். நான் டாக்டராகப் பேச வரவில்லை. நோயாளியாக இருந்தவன் என்ற தகுதியில் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊரில் நாலு நாள் தும்மினால் போதும், "ஈஸ்னோபீலியாவா இருக்கும், ஒரு மாத்திரை போடு" என்பார்கள். பாளையங்கோட்டை டீக்கடை முதல் பாபநாசம் பஸ் வரை இந்த வைத்தியம் இலவசம். ஆனால் ஈஸ்னோபீலியா என்பது நோயின் பெயரே அல்ல. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறிதான்.

ஈஸ்னோபில் என்பது நம் ரத்தத்து வெள்ளணுக்களில் ஒரு வகை. 1879-இல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக், ஈயோசின் என்ற சாயத்தை ஏற்றிப் பார்த்தபோது இவற்றின் உள்ளிருந்த துகள்கள் பளிச்சென்று செந்நிறமாகத் தெரிந்தன. பெயர் அப்படி வந்தது. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் ஒரு நாளுக்கும் குறைவாகவே இருந்துவிட்டு, குடல் போன்ற உறுப்புகளுக்குப் போய்ச் சேரும். பாக்டீரியாவை மற்ற வெள்ளணுக்கள் விழுங்கிவிடும். புழுவை அப்படி விழுங்க முடியாது. அது பல மடங்கு பெரியது. அதனால் ஈஸ்னோபில்கள் கூட்டமாகப் போய் அதன்மேல் ஒட்டிக்கொண்டு, துகள்களில் உள்ள நச்சுப் புரதங்களைக் கொட்டும். அவற்றை வரவழைப்பது இன்டர்லூக்கின்-5 என்ற புரதம். தூசி, மகரந்தம் போன்றவற்றைப் புழு மாதிரி எதிரியாக நினைத்து உடம்பு இதே ஆணையைப் பிறப்பித்தால் அது அலர்ஜி. கொட்டிய நச்சு நம் சொந்த நுரையீரலையும் புண்ணாக்கும் என்பதுதான் சிக்கல்.

இனி என் கதை. படிப்பு முடிந்து இரண்டு வருடம் கும்பகோணம் பக்கம் சைட்டில் வேலை. அறைக்குப் பின்னால் சாக்கடை. கொசுவலை கட்டச் சோம்பல். ஊர் திரும்பிய பிறகு இருமல் பிடித்தது. பகலில் ஒன்றும் இருக்காது. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுப்பிவிடும், உட்கார்ந்தே தூங்குவேன். வீசிங் என்று மருந்து தந்தார்கள், குறையவில்லை. எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாக நிழல் தெரிந்ததும் "டி.பி.யாக இருக்கலாம்" என்று பேச்சு வந்தது. சளியில் கிருமி இல்லை. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஜாதகத்தை எடுத்து பீரோவில் வைத்துவிட்டார். அம்மா என் தட்டையும் டம்ளரையும் தனியே கழுவினாள்.

கடைசியில் ஒரு வயதான டாக்டர் கேட்டார்: "தம்பி, இதுக்கு முன்னால எந்த ஊர்ல இருந்தீங்க?" பிறகு என் ஃபைலைப் புரட்டினார். இரண்டு மாதத்துக்கு முந்தைய ரத்த ரிப்போர்ட் அதிலேயே இருந்தது. மொத்த வெள்ளணுக்கள் 14,500. அதில் ஈஸ்னோபில் 48 சதவீதம். பெருக்கினால் கன மில்லிமீட்டருக்கு 6,960. சாதாரணமாக 500-ஐத் தாண்டாது. அந்த ரிப்போர்ட்டை லேபில் வாங்கி ஃபைலில் செருகியவன் நானேதான். கான்கிரீட் க்யூப் டெஸ்டில் ஓர் எண் குறைந்தால் சைட்டையே நிறுத்துகிறவன், என் ரத்தத்தின் எண்ணைப் படிக்கவில்லை.

யானைக்கால் நோயின் ஃபைலேரியா புழுதான் காரணம் என்று ரத்தத்தின் எதிர்ப்புப் பொருள் சோதனை சொன்னது. புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி, அங்கே ஈஸ்னோபில்கள் போர் நடத்தியிருக்கின்றன. மூன்று வாரம் டி.இ.சி. மாத்திரை. பத்தாம் நாள் விடியவிடியத் தூங்கினேன். ஜாதகமும் பீரோவை விட்டு வெளியே வந்தது. விட்டிருந்தால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழுந்திருக்கும்.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல. 1940-இல் மதனப்பள்ளி டி.பி. சானடோரியத்தில் ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற இரு டாக்டர்கள், டி.பி. போலவே தோன்றி டி.பி. அல்லாத இந்த நோயை எழுதி வைத்தார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் அதற்கு 'வெப்பமண்டல ஈஸ்னோபீலியா' என்று பெயரிட்டார். டி.இ.சி. இதைக் குணப்படுத்துவதை 1958-இல் சிங்கப்பூரிலிருந்து டாக்டர் தனராஜ் விவரித்தார். 1960-இல் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் நுரையீரல் திசுவிலேயே ஃபைலேரியாக் குஞ்சுகளைக் கண்டு காட்டினார்கள். இத்தனை பேர் உழைத்துக் கண்டுபிடித்த பதில், என் ஃபைலுக்குள் இரண்டு மாதம் தூங்கியது.

"நமக்கு ஏது கும்பகோணம்?" என்று இருந்துவிடாதீர்கள். ஈஸ்னோபில் கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு: அலர்ஜி, சில மருந்துகள், வேறு புழுக்கள். அம்பாசமுத்திரமோ சேரன்மகாதேவியோ, வெறுங்காலுடன் ஈர மண்ணில் இறங்குகிறவர்களின் பாதத் தோல் வழியாகக் கொக்கிப்புழு புகலாம். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற இன்னொரு புழுவும் அப்படியே புகுந்து, குடலில் பல்லாண்டு சத்தமில்லாமல் வாழும். அது இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் ஈஸ்னோபில் எண்ணிக்கை இறங்கிவிடும். ரிப்போர்ட் அழகாக இருக்கும். உள்ளே புழு பெருகி உடம்பெங்கும் பரவும், உயிரே போகலாம். தீ எரிந்துகொண்டிருக்க, அலாரத்தின் ஒயரை மட்டும் வெட்டிவிட்ட கதை அது. டாக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. நாமாகக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது என்கிறேன்.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே, நீங்களும் வேலைக்காகப் பல ஊர் போவீர்கள். ரத்த ரிப்போர்ட் வாங்கினால் சதவீதத்தை மட்டும் பார்க்காமல் மொத்த எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். மொத்தம் 6,000-இல் 7 சதவீதம் வெறும் 420. அதற்குப் பயப்பட வேண்டாம். அதிகமிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்: "எதனால் ஏறியிருக்கு?" எந்த ஊரில் இருந்தீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள் என்பதையும் அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.