கணினி விளையாட்டும் கைக்காசும்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கணினியில் விளையாடுகிறார்கள். படம் விட்டு விட்டு ஓடினால், "புது வரைகலை அட்டை வேண்டும்" என்று கேட்கிறார்கள். அதன் விலையோ பல சமயம் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். அது பெற்றோரின் பல மாதச் சேமிப்பு. ஆகவே, பணத்தை எடுக்குமுன் தடை எங்கே இருக்கிறது என்று நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

விளையாட்டின்போது கணினியில் இரண்டு உறுப்புகள் முக்கியமாக உழைக்கின்றன. ஒன்று, புராசசர் எனப்படும் செயலி. யார் எங்கே நிற்கிறார், பந்து எங்கே விழும் என்று கணக்குப் போடுவது அது. மற்றொன்று, வரைகலை அட்டை. அந்தக் கணக்கின்படி படத்தைத் தீட்டித் திரைக்கு அனுப்புவது அது.

செம்பனைத் தோட்டத்தை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் குலை வெட்டுகிறார். மற்றொருவர் அதைத் தள்ளுவண்டியில் சாலையோரம் சேர்க்கிறார். வெட்டுவது மெதுவாக நடக்கும்போது பெரிய வண்டி வாங்கி என்ன பயன்? வண்டி காலியாக நிற்கும். வண்டி சிறியதானால், வெட்டிய குலைகள் மரத்தடியிலேயே கிடக்கும்.

கணினியிலும் இதே கதைதான். செயலி விநாடிக்கு 50 படங்களுக்கே கணக்குப் போடும், அட்டை 100 படங்கள் தீட்டும் என்று வைத்துக்கொள்வோம். நமக்குக் கிடைப்பது 50 தான். 200 படங்கள் தீட்டும் அட்டையை வாங்கினாலும் அதே 50 தான்.

தடை எது என்று காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். 1920க்கு 1080 அளவுள்ள படத்தில் சுமார் 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 3840க்கு 2160 என்றால் அது நான்கு மடங்காகும். புள்ளிகள் கூடினால் அட்டைக்குத்தான் வேலை கூடும். செயலியின் வேலை பெரும்பாலும் மாறாது. ஆகவே, விளையாட்டின் அமைப்பில் இந்த அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டம் நன்றாக வேகமெடுத்தால், தடை அட்டையில். வேகம் அப்படியே இருந்தால், தடை பெரும்பாலும் செயலியில்.

செயலியின் மொத்த உழைப்பு 40 விழுக்காடு என்று கணினி காட்டினாலும் ஏமாந்துவிடக் கூடாது. அதன் பல கருக்களில் ஒன்று மட்டும் முழுச் சுமையையும் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

செயலிதான் தடை என்றால், பழைய தாய்ப்பலகையே புதியதை ஏற்குமா என்று கேட்க வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, முன்பே விற்ற பல ஏ.எம்.4 பலகைகளில் பொருந்தியது. பலகையின் மென்பொருளைப் புதுப்பித்தால் போதும். அட்டைதான் தடை என்றால், மின்வழங்கியைப் பார்க்க வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டைக்கு மட்டுமே சுமார் 170 வாட் வேண்டும். அதற்கு 550 வாட் மின்வழங்கியை என்விடியா நிறுவனம் பரிந்துரைக்கிறது.

எனவே பெற்றோர்களே, பிள்ளை முதலில் இந்தச் சோதனையைச் செய்து, முடிவை ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும். கடைக்குப் போவது அதன் பிறகு இருக்கட்டும்.