அப்பாவின் ஹெரால்டில் புது ரேடியோ
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். முப்பது வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நான். நேரம் வந்தால் ஷட்டரை இறக்கிவிடுவேன், பயப்பட வேண்டாம்.

பார்க்கிங்கில் கவர் போட்டு நிற்கிறதே, அந்த 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அது என் அப்பாவுடையது. நம்ம ஊரிலேயே தயாரான வண்டி. அதில் இரண்டு குமிழும் நடுவில் ஐந்து பட்டனும் வைத்த ஒரு ரேடியோ. அந்தக் காலத்தில் ரேடியோவுக்கும் லைசென்ஸ் உண்டு. வருடா வருடம் தபால் நிலையத்தில் பணம் கட்ட வேண்டும். அப்பா கட்டிய புத்தகம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அந்த ரேடியோ மீடியம் வேவ் மட்டும்தான் எடுக்கும். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977இல் இதே சென்னையில்தான் தொடங்கியது, ஆனால் அப்பாவின் ரேடியோ அதற்கு முந்தையது. கொஞ்ச நாளாக அதில் இரைச்சலைத் தவிர எதுவும் வரவில்லை. அம்மாவுக்கு இப்போது 87 வயது. "அந்த வண்டியில உட்கார்ந்து ஒரு பாட்டு கேக்கணும்டா" என்றார். உள்ளே புது போர்டு வைத்துவிடலாம் என்று நான் சொன்னதும் அண்ணாவுக்குக் கோபம். "அப்பா ரேடியோவை அறுக்கப் போறியா?" என்று போனை வைத்துவிட்டார்.

ரிச்சி தெருவில் எஃப்.எம்., புளூடூத், ஆம்ப்ளிஃபயர் மூன்றும் சேர்ந்த சின்ன போர்டு ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து இணைத்தேன். இரண்டே வினாடி, புகை! நான் பி.காம்., எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பிறகு விசாரித்தால், அந்தக் கால பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்குமாம். இன்றைய போர்டுகளுக்கு மைனஸ்தான் எர்த். டெபிட்டை கிரெடிட்டில் போட்டதுபோல. வங்கியிலாவது திருத்தி எழுதலாம்!

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து பேட்டரியைத் திருப்பி, டைனமோவுக்கும் புது திசையைக் காட்டி, காயில் கம்பிகளையும் மாற்றினோம். இரண்டாவது போர்டு வாங்கும்போது கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரின் ஒரு கம்பி பெரும்பாலும் பாடியிலேயே முடியும். இந்தப் புது ஆம்ப்ளிஃபயரில் அப்படி விட்டால் ஐ.சி. போய்விடும். அதனால் இரண்டு கம்பியையும் தனியாக இழுத்தேன். நடுவில் ஒரு ஃபியூஸ். முதல் தடவையே ஃபியூஸ் போட்டிருந்தால் 900 ரூபாய் மிச்சம் ஆகியிருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். டேஷ்போர்டில் புதுசாக ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. பழைய உள்பாகம் எதையும் அறுக்காமல், ஸ்க்ரூவைக் கழற்றி முழுசாக வெளியே எடுத்தேன். எந்த கம்பி எங்கே என்று சீட்டு எழுதி ஒட்டி பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். பேத்தி நாளைக்கு ஆசைப்பட்டால் பழையபடி மாட்டலாம், ஆனால் பேட்டரியையும் திருப்ப வேண்டும். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு குறை உண்டு. குமிழைத் திருப்பினால் ஸ்டேஷன் மாறும், ஆனால் முள் நகராது. அப்பா கடைசியாக விட்ட இடத்திலேயே நிற்கிறது. அதை நகர வைக்க வழி இருக்கிறது என்கிறார்கள். எனக்கு மனசில்லை.

அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கேட்டார். அண்ணா பொங்கலுக்கு வந்தார். பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தார், சீட்டில் என் கையெழுத்து சரியில்லை என்றார். வண்டியில் இன்னும் ஏறவில்லை.

ஞாயிறு காலை கவரை எடுத்து வைக்கிறேன். கேட்க விரும்புகிறவர்கள் வரலாம். ஹாரனை மட்டும் தொட வேண்டாம், அது இன்னும் சரியாகவில்லை.